சீட்டில் இல்லாத மலை

இந்த மார்கழியோடு எனக்கு அறுபத்தெட்டு முடிகிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். நாலு நான் பெற்றது. ரெண்டு என் ஓரகத்தி கண்ணை மூடினபோது என் கையில் விட்டுட்டுப் போனது. எது பெற்றது, எது வந்ததுன்னு இன்றைக்கும் வெளியாள் யாராலும் பிரிச்சுச் சொல்ல முடியாது. அதில் எனக்குப் பெருமைதான். பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தது கொஞ்ச நாள். கல்யாணமாகி, ரெண்டு பிள்ளைக்கு அப்புறம்தான், கோயிலுக்கு வந்த சிஸ்டர் ஒருத்தர் சொல்லிக்கொடுத்து எழுத்துக் கூட்டினேன். அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். என் வயசுக்காரங்களே, நீங்களும் மெதுவாகவே படியுங்க. நமக்கு இப்போ என்ன அவசரம்?

இந்த வருசமும் கிறிஸ்மஸ் லீவுக்குக் காரில் எங்கே போறதுன்னு வீட்டில் ஒரே சத்தம். போனைக் காட்டிக் காட்டி ஒருத்தன் ஊட்டிங்கிறான், ஒருத்தி மூணாறுங்கிறாள். வீட்டுப் பின்னாலேயே ஜவ்வாது மலை நிக்குது, அதுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு வேற மலையைத் தேடுதுங்க. "பாட்டியைக் கேப்போம்"னு ஒரு பேரன் சொன்னான். "பாட்டி காலத்துல டூரெல்லாம் ஏது?"ன்னு இன்னொருத்தி சொல்லிட்டாள். அது எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னுது. ஏன் இல்லாம? எங்கள் வீட்டிலும் ஒரு மார்கழியில் எங்கே போறதுன்னு பேச்சு நடந்தது. அப்படி ஒரு பேச்சு திருப்பத்தூர் பக்கத்தில் வேறு எந்த வீட்டிலும் நடந்திருக்காது.

அப்போது எனக்கு எட்டு ஒன்பது வயசிருக்கும். மலையடிவாரத்தில், சர்ச்சுக்குப் பின்னால் எங்கள் வீடு. எங்கள் நைனா லாரி டிரைவர். திருப்பத்தூர் மண்டிக்காரர் ஒருத்தரின் லாரி. புதூர்நாட்டுப் பக்கமிருந்து சாமை, புளி, பலாப்பழம், எந்தக் காலத்தில் எது விளையுதோ அதை ஏற்றிக்கொண்டு இறக்குவார். அப்போது மலை ரோடு மண்ரோடு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒண்ணும் இல்லை. மார்கழி மூட்டத்தில் சாயங்காலத்துக்கு மேல் வண்டி இறங்காது. மேலேயே தங்கிவிட்டு, வெயில் ஏறி ரோடு காய்ந்த பிறகுதான் வருவார்.

வீட்டில் அம்மா, அண்ணன், நான், அப்புறம் அத்தை. அத்தை நைனாவுக்கு அக்கா. சின்ன வயசிலேயே புருசனை இழந்து எங்களோடேயே இருந்துவிட்டாள். கன்னியர் மடத்தில் படித்தவள். வீட்டில் எது முடிவானாலும் அத்தை வாயால்தான் வரும். அம்மாவை எதிரில் வைத்துக்கொண்டே, "அதுக்கு இன்னா தெரியும், பாவம்" என்பாள். கெட்ட எண்ணம் இல்லை. அவள் பேச்சு அப்படி.

அந்த வருசம் மண்டிக்காரர் குடும்பத்தோடு காசிக்குக் கிளம்பினார். போகும்போது நைனாவைக் கூப்பிட்டு, "வண்டி சும்மாத்தான நிக்கும். கிறிஸ்மஸ் முடிஞ்சதும் பிள்ளைங்கள எங்கனா கூட்டிப் போய்ட்டு வா"ன்னு சொல்லிவிட்டார். நைனா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை. லாரி தெருவில் வந்து நின்றபிறகுதான் நம்பினோம். பச்சைப் பெயிண்ட், முகப்பில் பித்தளைப் பூ, கையால் அமுக்குகிற ரப்பர் குமிழ் ஆரன். அதை அமுக்கினால் எருமை கத்துகிற மாதிரி சத்தம் வரும். அந்தத் தெருவில் எந்த வீட்டு வாசலிலும் அதுக்கு முன்னால் லாரி நின்றதில்லை. நான் அதன் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு நின்ற நிற்பை நீங்கள் பார்த்திருக்கணும்.

இப்போ ஒரு விசயம் சொல்லணும். அம்மாவுக்கு அந்த மார்கழி நல்லபடியாக இல்லை.

நைனா மலைக்குப் போகும்போதெல்லாம் அம்மா மூணு அடுக்குத் தூக்கில் சோறு கட்டிக்கொடுப்பாள். கீழடுக்கில் புளிச்சோறு, நடுவில் கருவாட்டுத் தொக்கு, மேலே வடகம், துவையல், அந்தந்த நாளுக்கு எது உண்டோ அது. மறுநாள் நைனா திரும்பி வருவார். தூக்கு காலியாக இருக்கும், கழுவித் துடைத்து. அம்மா சுடச்சுடச் சோறு போடுவாள். நைனா ரெண்டு வாய் வைத்துவிட்டு, "போதும்மே, வயிறு நெறஞ்சி கீது" என்பார். முந்தினநாள் காலையில் கட்டிக்கொடுத்த சோறு மறுநாள் மதியம் வரைக்கும் எப்படி வயிற்றில் நிற்கும்? இது அம்மாவுடைய கணக்கு. அதுவும் தூக்கைக் கழுவுகிற ஆம்பளையை அம்மா அதுவரை பார்த்ததே இல்லை.

கிறிஸ்மஸ் பலகாரத்துக்கு அரிசி அரைக்க மில்லுக்குப் போனோம். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாவு பையில் விழுந்து என் வயிற்றில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. வரிசையில் பின்னால் நின்ற பொம்பளை ஒருத்தி, மில் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டாள். "இன்னாக்கா, உங்க வூட்டுக்காரருக்கு மலை மேல ஒரு வூடு கீதாமே? நெசமாவா?"

அம்மா மாவுப் பையை என் கையிலிருந்து வாங்கி வாயைக் கட்டினாள். கட்டினதையே அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். மலை மேல் வூடு இருந்தால் நல்லதுதானே, நாமும் போய் இருக்கலாமேன்னு நினைத்துக்கொண்டு நான் நடந்தேன். அப்போது எனக்கு அவ்வளவுதான் புரிந்தது.

எங்கே போறதுங்கிற பேச்சு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. அத்தை வேளாங்கண்ணி என்றாள். அவளுக்கு ரொம்ப நாளாக ஒரு வேண்டுதல் இருந்தது, என்னவென்று யாருக்கும் சொல்லமாட்டாள். அண்ணன் மெட்ராஸ் என்றான். கடல் பார்க்கணும், ரெண்டு மாடி பஸ் இருக்குதாம், அதில் மேல் மாடியில் உட்காரணும்.

"வேளாங்கண்ணியிலயும் கடல் கீதுடா" என்றாள் அத்தை.

"அந்தக் கடலுக்கு மாடி பஸ்ல போவ முடியுமா?"

"வாய் பாரு. மாதா கோயிலுக்கு மாடி பஸ்ஸு கேக்குதாம்."

என்னைக் கேட்டார்கள். நான் ரயில் பார்க்கணும் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஜோலார்பேட்டையில் ரயில் பார்க்க லாரி எதுக்கு, சைக்கிளிலேயே போயிட்டு வரலாமே. இருந்தாலும் அண்ணன் அதையும் ஒரு சீட்டில் எழுதினான். நைனாவைக் கேட்டதுக்கு, "எனுக்கு எதுன்னாலும் சரி. ஓட்றது எப்டியும் நான்தான"ன்னு சொல்லிவிட்டு டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார். அம்மா அதிரசம் தட்டிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் சீட்டு எடுப்பது வழக்கம். எந்தப் பெரிய காரியமானாலும் சீட்டுப் போட்டு, ஜெபம் சொல்லி, எடுப்பார்கள். அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்ததும், இந்த வீட்டு மனையை வாங்கினதும் சீட்டுப்படிதான். மூடியில் கப்பல் படம் போட்ட ஒரு பிஸ்கெட் டின் அதுக்குன்னே இருந்தது. அந்தக் கப்பல் பாதி உரிந்துபோய்ப் பாய்மரம் மட்டும்தான் தெரியும். இப்போது அந்த டின் எந்த வீட்டில் யார் கையில் துருப்பிடித்துக் கிடக்கிறதோ. சீட்டை எடுக்கிறது எப்போதும் நான்தான். எனக்கு எழுத்துத் தெரியாது. படிக்கத் தெரிந்த கை திருட்டுத்தனம் பண்ணும் என்பாள் அத்தை. தெருவில் வேறு வீட்டில் சீட்டுப் போட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு அந்தத் தெருவில் அப்படி ஒரு மரியாதை இருந்தது. நான் அதைத் தலைநிமிர்ந்து அனுபவித்தேன்.

கிறிஸ்மஸ் கழிந்த அன்று சாயங்காலம், குழந்தை ஏசு குடிலுக்கு முன்னால் முட்டி போட்டு எல்லாரும் ஜெபம் சொன்னோம். அத்தை டின்னைக் குலுக்கினாள். நான் கண்ணை மூடி எடுத்தேன். அண்ணன் பிரித்தான். அவன் முகம் விழுந்ததிலேயே தெரிந்துவிட்டது.

"வேளாங்கண்ணி."

அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதாவே கூப்ட்டுட்டாங்க. நாளைக்கு வெடிய கெளம்பணும்."

அப்போதுதான் அம்மா பேசினாள். எழுந்திருக்கக்கூட இல்லை. முட்டி போட்டபடியே, குடிலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நானு வேளாங்கண்ணிக்கு வர்ல. நானு மலைக்குப் போறேன்."

"எந்த மலைக்கு?"

"இவரு தெனம் போற மலைக்கு."

அத்தை விசுக்குன்னு எழுந்தாள். "உனக்கு இன்னா புத்தி கித்தி கெட்டுப் போச்சா? சீட்டு வந்தாச்சி. சாமி சொன்னத நீ மாத்துவியா?"

"சீட்டுல மலைன்னு யாரும் எழுதலியே அண்ணி. எழுதாதது எப்டி வரும்? என்ன யாரு கேட்டீங்க?"

"மலையில இன்னாடி கீது பாக்கறதுக்கு? கரடி கீது. காட்டு சனம் கீது."

"அதத்தான் பாக்கணும்ன்றேன்."

அந்த வீட்டில் சீட்டை மீறினவர் அதுவரை யாரும் கிடையாது. வாசல் நிலையில் நின்றிருந்த நைனாவை எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அவர் முகம் சிவந்து போனது. தலையைக் குனிந்துகொண்டார். "செரி. மலைக்கே போவலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அத்தைக்கு அது குற்றம் செய்தவன் முகமாகத் தெரிந்தது. அம்மாவுக்கு அது பயந்துபோனவன் முகமாகத் தெரிந்தது. ரெண்டு பேரும் பிற்பாடு அவரவர் வாயால் சொன்னதுதான் இது. நான் நைனா பின்னாலேயே ஓடினேன். அவர் லாரியின் முகப்பை மேல்துண்டால் துடைத்துக்கொண்டு, வாய்க்குள் சீட்டி அடித்துக்கொண்டிருந்தார். எழுத்துத் தெரியாதவளுக்கு எதுவும் தெரியாதுன்னு நினைத்து என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன், நைனா சந்தோசமாக இருக்கிறார்ன்னு.

மறுநாள் காலையில் கிளம்பினோம். க்ளீனர் ஊருக்குப் போய்விட்டதால், வண்டி பின்னால் உருளாமல் வளைவில் சக்கரத்துக்கு அணைக்கட்டை போடுகிற வேலை அண்ணனுக்கு. கேபினில் நைனா, பக்கத்தில் அத்தை, நடுவில் நான். பின்னால் வைக்கோல் பரப்பி அம்மாவும் அண்ணனும். அம்மா கிறிஸ்மஸ் சேலையைக் கட்டியிருந்தாள், மாம்பழ நிறம். சண்டைக்குப் போகிறவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு போவாள் என்பது எனக்கு வயசான பிறகு புரிந்தது.

மலை ஏற ஏற நைனா வேற ஆளாகிவிட்டார். வீட்டில் பத்து வார்த்தை பேசாதவர் வளைவுக்கு வளைவு பேசிக்கொண்டு வந்தார். "இந்த வளைவுல மழைக்காலத்துல தண்ணி குறுக்க பாயும்." "இந்தப் பாறை மேல காலையில மயிலு நிக்கும், இன்னிக்கு மூட்டத்துல தெரியல." கியர் போடும்போது அவர் கையை நான் பார்த்துக்கொண்டே வந்தேன். என்ஜின் சூடு காலுக்குக் கீழே சுட்டது. மேலே கழுத்தில் மூட்டம் ஈரத்துணி மாதிரி வந்து ஒட்டியது. டீசல் வாசனையும் ஈர மண் வாசனையும் கலந்து ஒரு வாசனை. அத்தை ஜெபமாலையை விடவே இல்லை.

பாதி மலைக்கு மேல் அண்ணனுக்கு வாந்தி வந்துவிட்டது. வைக்கோலில் சுருண்டு படுத்துவிட்டான். அடுத்தது செங்குத்தான வளைவு. நைனா வண்டியை நிறுத்திப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கட்டை போட ஆளு வேணும். நான் எறங்கினா ஸ்டேரிங் யாரு பிடிக்கறது?"

"நான் போட்றேன்" என்றாள் அம்மா.

"உனுக்குத் தெரியாதுமே."

"சொல்லிக் குடுங்க, தெரிஞ்சிக்கறேன்."

நைனா சொல்லிக்கொடுத்தார். பின் சக்கரத்தோடேயே நடக்கணும், சக்கரத்துக்கு நேர் பின்னால் மட்டும் நிற்கக்கூடாது, குரல் கொடுத்ததும் கட்டையைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்துடணும். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கருவேலங்கட்டையை இடுப்பில் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டாள். லாரி ஊர்ந்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். மூட்டத்தில் மாம்பழச் சேலை மட்டும் நடந்து வந்தது. வளைவின் நடுவில் கியர் விழாமல் ஒரு கரகர சத்தம். வண்டி நின்றது. பிறகு பின்னால் போக ஆரம்பித்தது.

"கட்டை!"

அத்தை, "மாதாவே, சீட்ட மீறினதுக்கு எங்கள வாரிக்காதே"ன்னு கத்தினாள். நான் கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். மாம்பழச் சேலை குனிந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

என்ஜின் சத்தம் மட்டும் இருந்தது. நைனா தலையை வெளியே நீட்டினார். "உசுரோட கீறியா?"

"கீறேன். நீங்க வண்டிய எடுங்க."

நைனா கியரைப் போட்டார், வண்டி ஏறியது. மேலே சமமான இடத்தில் நிறுத்தினதும் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு கட்டையைத் தூக்கி வந்து கேபினில் போட்டாள். "எத்தன க்ளீனருங்க வந்துகிறாங்க. இந்தக் கட்டை போடல எவனும்" என்றார் நைனா. அம்மா சிரிக்கவில்லை. அவள் எதுக்கு வந்தாளோ அது இன்னும் மேலே இருந்தது.

ஊர் வந்தது. கூம்பு மாதிரி புல்லுக் கூரை போட்ட வீடுகள், குனிந்துதான் நுழையணும். களத்தில் சாமைத் தாள் மலைபோல் குவிந்திருந்தது. பிள்ளைகள் "டிரைவரு மாமா, டிரைவரு மாமா"ன்னு லாரிக்குப் பின்னால் ஓடி வந்தன. ஒரு நாய் நைனாவைப் பார்த்து வாலை ஆட்டியது. நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கிறது என்று அம்மா முகம் இறுகிப் போனது.

அத்தை கேபினை விட்டு இறங்கவில்லை. "அந்த சனத்து வூட்டு வாசல்ல கால் வைக்கமாட்டேன்." எங்கள் அடிவாரத்து ஆட்களுக்கு அப்போது அப்படி ஒரு எண்ணம். கோயிலுக்கு ஞாயிறு தவறாமல் போவோம், மலைக்காரர் கொடுக்கிற தண்ணீரை மட்டும் குடிக்கமாட்டோம்.

நைனா எங்களை அந்த ஊருக்குப் பெரியவரான ஊர்க்கவுண்டர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அம்மா குனிந்து உள்ளே நுழைந்தாள், நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு. புகை வாசனை. மூலையில் அடுப்பு. அம்மா நிமிர்ந்தாள். எதிர்ச் சுவரில் ஒரு முளையில் நைனாவின் காக்கிச் சட்டை தொங்கியது. போன வருசம் தொலைந்துபோனதுன்னு அம்மா தேடித்தேடி ஓய்ந்த சட்டை. தோளில் அவளே போட்ட ஒட்டு.

அம்மா அந்த ஒட்டை விரலால் காட்டினாள்.

"இது யாருது?" என்றாள்.

அடுப்பிலிருந்து ஒரு பொம்பளை எழுந்து வந்தாள். அவள்தான் கவுண்டர் சம்சாரம். வயசானவள், முன்பல் ரெண்டும் இல்லை, வாயில் புகையிலை. மேலிருந்து கீழே அம்மாவைப் பார்த்தாள்.

"உன் புருசந்துதான். நனஞ்சிகினு வருவான். அவுத்து மாட்டிட்டு எங்க வூட்டுக்காரரு கம்பளிய சுத்திகினு குந்துவான். தங்கச்சி, நீ எதுக்கு வந்தேன்னு உன் மூஞ்சே சொல்லுது. என்னப் பாக்கத்தான வந்த? வெளிச்சத்துக்கு வரேன், நல்லாப் பாத்துக்கோ." முகத்தை அம்மாவிடம் நீட்டி, இல்லாத பல்லைக் காட்டினாள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த கவுண்டர் சிரித்துச் சிரித்து இருமினார். "எம்மா, இவளையும் ஒருத்தன் ஆசப்படுவான்னா சொல்லும்மா, நான் பலாமரம் ஒண்ணு சேத்துக் குடுத்து அனுப்பறேன்."

"நீ கம்மினு கெட" என்றாள் அவள் புருசனைப் பார்த்து. அம்மா இன்னும் சிரிக்கவில்லை. சட்டையைப் பார்த்தபடியே நின்றாள். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் கருவாட்டுத் தொக்குல உப்பு தூக்கலாப் போட்ட. அதுக்கு முன்ன அப்படி ஒரு நாளும் இல்ல. இன்னா ஆச்சி அன்னிக்கி?"

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். "அன்னிக்கி இதுக்குக் காய்ச்சல். கவனம் இங்க இல்ல."

என்னைத்தான் காட்டினாள். அந்த அம்மாள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "அதான பாத்தேன். அந்தத் தூக்கு வந்தா எங்க பசங்க அடிச்சிக்கும். புளிச்சோறு ஒரு பருக்கை மிஞ்சாது. நீ பொங்கறத இந்த ஊருல பாதிப் பேரு தின்னுகிறாங்க தங்கச்சி. உன் புருசன் எங்க சாமைச்சோத்துக்கு அலைவான். மாத்திக்குவோம்."

தூக்கு ஏன் கழுவி வந்தது, நைனாவுக்கு ஏன் பசி இல்லை என்பதெல்லாம் அந்த ஒரு பேச்சில் வெளியே வந்துவிட்டது. அம்மா நைனாவைத் தேடினாள். அவர் வாசலில் குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிற்கிற பிள்ளை மாதிரி.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அக்காவுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்? மலைக்காரங்க வூட்ல சோறு தின்றவனுக்கு நம்ம வூட்ல தனித்தட்டு வெச்சிடும்."

"அக்காவுக்குப் பயந்து எனக்கு மறச்சீங்களா?"

அம்மா அவரிடமிருந்து திரும்பினாள். பிறகு கவுண்டர் சம்சாரத்திடம், "கை கழுவ எங்க தண்ணி?" என்றாள்.

கையைக் கழுவிவிட்டு வந்தாள். வீட்டுக்குள் உட்காரவில்லை. லாரிக் கேபினிலிருந்து அத்தை பார்க்கிற மாதிரி வாசலில் உட்கார்ந்து, என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து, மந்தாரை இலையில் சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் வாங்கித் தின்றாள். பொடிப் பொடியான சோறு, விரலுக்கு நடுவில் நழுவும். கடைசியில் அதிலேயே தேன் ஊற்றினார்கள். நைனாவும் வந்து உட்கார்ந்தார். அண்ணன் வாந்தியெல்லாம் மறந்து மூணு முறை வாங்கித் தின்றான். அத்தை கேபினில் ஜெபமாலையோடு இருந்தாள். பசி தாங்காமல் பிற்பாடு இறங்கி, ஓரமாக நின்ற நெல்லி மரத்தில் பறித்துத் தின்றாள். மரம் யாருக்கும் சொந்தமில்லை என்று அவளே சொல்லிக்கொண்டாள். அது கவுண்டர் வீட்டு மரம். அவளிடம் யாரும் சொல்லவில்லை.

இறங்கும்போது அம்மா கேபினில் உட்கார்ந்தாள். அத்தை பின்னால் போய்விட்டாள். அம்மா கோபம் அப்போதுதான் ஆரம்பித்தது. மலை மேல் வூடு இருக்கிறதுங்கிற கோபமெல்லாம் போய், இது வேற கோபம்.

"அப்போ இத்தன வருசமா நான் பொங்கிக் குடுத்தத நீங்க ஒரு வாய் தின்னதில்ல?"

"மொதல்ல ரெண்டு வாய் நான் தின்னுட்டுதான் குடுப்பேன்மே."

"இனிமே ரெண்டு தூக்கு. ஒண்ணு அவங்களுக்கு. ஒண்ணு உங்களுக்கு. உங்களுது காலியான பொறவுதான் அவங்க வூட்ல இலை போடணும். நான் கேட்டு அனுப்புவேன்."

"செரி."

"சட்டைய இன்னாத்துக்கு எடுத்துகினு வர்ல?"

"நீதான அதப் பாத்துட்டு அப்டி நின்ன. எனுக்குத் தொடவே பயமா இருந்துச்சி."

அம்மா சிரித்துவிட்டாள். முதலில் மூக்கில் வந்தது சிரிப்பு, பிறகு உடம்பெல்லாம். நைனா ஆரனை ஒரு அமுக்கு அமுக்கினார், வளைவு இல்லாத இடத்தில், சும்மாவே.

வேளாங்கண்ணிக்கு அத்தை அடுத்த கோடையில் கோயில் ஆட்களோடு போய்விட்டு வந்தாள். அண்ணன் வேலைக்குப் போனபிறகுதான் மெட்ராஸ் பார்த்தான்.

நான் எழுத உட்கார்ந்ததே இதுக்கு அடுத்த மார்கழிக்காகத்தான்.

மறுவருசம் மலையில் சாமை நல்ல விளைச்சல். கடைசி லோடு ஏற்றும்போது கவுண்டர் நைனாவிடம் கேட்டாராம், "மூட்டைங்க மேல எங்களயும் குந்த வெச்சிகினு போறியா? சும்மா எங்கனா பாத்துட்டு வரலாம்"னு. அந்த ஊரில் பேச்சு நடந்திருக்கிறது. கவுண்டர் திருவண்ணாமலை தீபத்து ஊரைப் பார்க்கணும் என்றாராம். பிள்ளைகள் திருப்பத்தூரில் சினிமாக் கொட்டகை என்றார்களாம். அவர் சம்சாரம் மட்டும், "நானு டிரைவரு பொண்டாட்டி வூட்டப் பாக்கணும். வேற எங்கயும் நான் வர்ல"ன்னு உட்கார்ந்துவிட்டாளாம்.

லாரி எங்கள் வாசலில் வந்து நின்றது. மூட்டைகளின் மேலிருந்து ஒவ்வொருத்தராக இறங்கினார்கள். கடைசியாக அவள், ஒரு பலாப்பிஞ்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. அரிசி மில்லில் பின்னால் நின்று கேட்டாளே, அவளும் வந்து நின்றாள். அத்தை நிலைப்படியில் அவர்களைப் பார்த்தாள், ஜெபமாலையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்து, "போய்ட்டாங்களா?" என்று கேட்டாள். "இல்ல அண்ணி, ரெண்டு நாளு நம்ம வூட்லதான்" என்றாள் அம்மா. மறுநாள் காலையில் அந்த அம்மாள் எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அத்தை எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதுக்கு மேல் அத்தையிடம் எதுவும் மாறவில்லை. அதையும் உள்ளபடியே சொல்லணும்.

அவர்கள் வந்து இறங்கின அன்றைக்கு, முதல் பந்தியில் எல்லாருக்கும் ஒரே மாதிரித் தட்டு. அம்மா புளிச்சோறும் கருவாட்டுத் தொக்கும் வைத்தாள். நைனாவையும் அவர்களோடு நடுவில் உட்காரவைத்தாள். கவுண்டர் சம்சாரம் தொக்கை வாயில் வைத்து, கண்ணை மூடி, தலையை ஆட்டினாள். "உப்பு சரியா கீது."

வாசலில் கூடியிருந்தவர்களில் யாரோ கேட்டார்கள். "இன்னாம்மா, இவ்ளோ சனம். எங்க டூர் வந்துகிறாங்க?"

அம்மா கரண்டியோடு நிலைப்படிக்கு வந்தாள். மாம்பழச் சேலை. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எங்க வூட்டுக்கு."

ஊட்டிக்கு எத்தனையோ பேர் போகிறார்கள். ஒரு ஊரே உட்கார்ந்து பேசி, தீபத்து ஊரையும் சினிமாக் கொட்டகையையும் தள்ளிவிட்டு, எங்கள் அம்மா வீட்டைப் பார்க்கக் கிளம்பி வந்தது. அந்த வீட்டில் பிறந்தவள் நான்.

கை வலிக்குது, இத்தோடு வைக்கிறேன். கண்ணு, அந்தப் போனைக் கீழே வைத்துவிட்டு இங்கே வா. என் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், கூட்டிப் படி. முதலிலிருந்து, சத்தமாக. எங்கள் அம்மா பேசுகிற இடம் வரும்போது மட்டும் தெருவுக்குக் கேட்கிற மாதிரி படி.